இளமைத் துன்பமும் மூளை வளர்ச்சியும்

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது நம் முன்னோர் மொழி. இளமையிற் பழகும் நல்லொழுக்கமே முதுமை வரை நிலைக்கும் என்பதற்கே இப்பழமொழியைப் பெரும்பாலும் எடுத்தாளுகின்றோம். ஆயின், இளமையிற் பெறும் நன்மை நிலைக்குமெனின், இளமையிற் பெறும் துன்பமும் நிலைக்குமன்றோ? இவ்வினாவை நாம் எழுப்புவது அரிது. 'சிறு பிள்ளைக்கு என்ன தெரியும்? நாளடைவில் மறந்துவிடும்' என்று சொல்லித் தேறிக்கொள்கின்றோம். இழவு வீட்டிலும், குடியால் நிலைகுலைந்த வீட்டிலும், மண்சரிவில் உறைவிடம் இழந்தோர் முகாமிலும் இவ்வார்த்தையைக் கேளாதார் இலர்.

பிள்ளை மறந்துவிடலாம்; பிள்ளையின் மூளை எளிதில் மறப்பதில்லை. சென்ற அரை நூற்றாண்டு ஆராய்ச்சியின் சாரம் இதுவே. அதனோடு சேர்த்து அறியவேண்டிய மற்றோர் உண்மையும் உண்டு. அன்பும் ஒழுங்கும் வாய்ப்பின் அம்மூளை மீளவும் வல்லது. இவ்விரண்டையும் மலையகத் தோட்டப்புறப் பிள்ளைகளின் வாழ்வோடு பொருத்தி விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். இதனை எழுதுபவன் மருத்துவனல்லன். வகுப்பறையில் நிற்கும் தமிழாசிரியன். ஆயினும், பிள்ளைகளின் மூளையோடு நாள்தோறும் பழகுவோர் மருத்துவரினும் ஆசிரியரே ஆதலின், இவ்வறிவு நமக்கும் வேண்டற்பாலதாயிற்று.

மூளை வளருமாறு

பிறந்த குழவியின் மூளை, வளர்ந்தோர் மூளையின் அளவில் ஏறத்தாழக் காற்பங்கேயாகும். ஐந்து அல்லது ஆறு வயதளவில் அது நூற்றுக்கு 90 பங்கு அளவினை எய்திவிடுகின்றது. இவ்வளர்ச்சி வெறும் பருமன் அன்று. நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று தொடுத்துக்கொள்ளும் இணைப்புக்களே அறிவுக்கும் உணர்வுக்கும் அடிப்படையாவன. முதலாண்டுகளில் இவ்விணைப்புக்கள் தேவைக்கு மிஞ்சிப் பெருகுகின்றன. பின்னர், பயன்படுவன நிலைக்க, பயன்படாதன கழிகின்றன.

இதனை நம் மலைகளிற் கவ்வாத்து வெட்டுதலுக்கு ஒப்பிடலாம். தேயிலைத் தூரில் எக்கிளை நிற்றல் வேண்டும், எக்கிளை போதல் வேண்டும் என்பதைக் கவ்வாத்துக் கத்தி முடிவு செய்கின்றது. மூளையில் அவ்வேலையைச் செய்வது பிள்ளையின் அன்றாட அனுபவம். தாய் முகம் பார்த்துப் பேசினால் பேச்சுக்குரிய இணைப்புக்கள் வலுப்பெறும். தாத்தா மடியிலிருத்திக் கதை சொன்னால் கற்பனைக்குரியன தழைக்கும். அச்சமே அன்றாட அனுபவமாயின், அச்சத்துக்குரிய இணைப்புக்களே உரம்பெறும்.

மூளையின் எல்லாப் பகுதியும் ஒருங்கே முதிர்வதில்லை. மூச்சு, நாடித்துடிப்பு ஆகியவற்றை நடத்தும் அடிப்பகுதி முந்தி முதிரும். எண்ணித் துணிதல், சினம் அடக்கல், நாளைய பயன் கருதி இன்றைய ஆசையை ஒறுத்தல் ஆகியவற்றுக்குரிய நெற்றிப்புறப் பகுதி எல்லாவற்றுக்கும் பிந்தி, இருபத்தைந்து வயதளவில்தான் நிறைவெய்தும். ஆகவே ஆறு வயதுப் பிள்ளையை நோக்கி, 'உனக்கு அடக்கமில்லையா?' என்று கேட்குமிடத்து, இன்னும் கட்டி முடியாத வீட்டினுட் குடிபுகச் சொல்கின்றோம் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அபாய மணி

மூளையின் உட்புறத்தே வாதுமைக் கொட்டை வடிவினவாய் இரு சிறு பகுதிகள் உள. அமிக்டலா என்பது அவற்றின் பெயர். அபாயத்தை உணர்ந்து மணியடித்தல் அவற்றின் தொழில். மலைப்பாதையிற் பாம்பைக் கண்டவன் அது பாம்பென்று எண்ணி முடிக்கு முன்னரே கால் பின்வாங்குகின்றதன்றோ? அது அமிக்டலாவின் வேலை. மணி அடித்தவுடன் அதிரீனல் சுரப்பியிலிருந்து அதிரனலின், கோட்டிசோல் என்னும் ஓமோன்கள் குருதியிற் கலக்கின்றன. நெஞ்சு விரைந்து அடிக்கும், தசைகள் முறுக்கேறும், கல்வி, விளையாட்டு, சீரணம் முதலிய 'ஆறுதலான' வேலைகள் ஒதுக்கி வைக்கப்படும். அபாயம் நீங்கியதும் யாவும் பழைய நிலைக்கு மீளும்.

இவ்வேற்பாடு உயிர் காப்பதற்கென அமைந்தது, தீயதன்று. பாடசாலையின் முதல் நாள், ஊசி போடும் நாள், பரீட்சை நாள் ஆகியவற்றில் எழும் சிறு கலக்கம் பிள்ளையை வலிமைப்படுத்தவே செய்யும். மரணம், விபத்து போன்ற பெருந்துன்பமும், அருகிருந்து அணைப்பார் ஒருவர் உளராயின், பெரும்பாலும் தாங்கக்கூடியதே. அணைப்பாரின்றி, முடிவுமின்றி, நாள்தோறும் அபாய மணி அடித்துக்கொண்டிருக்கும் நிலையே நஞ்சாவது. அந்நிலையில் கோட்டிசோல் அளவு ஒழுங்கு தவறுகின்றது. நினைவைப் பதிக்கும் பகுதியாகிய இப்போகாம்பசு நலிவுறுகின்றது. அமிக்டலா சிறு ஓசைக்கும் மணியடிக்கப் பழகுகின்றது. அதனைக் கட்டுப்படுத்த வேண்டிய நெற்றிப்புற மூளையோ வளர்ச்சி குன்றுகின்றது. உடலில் ஏற்பட்ட காயம் ஆறிய பின் வடு நிற்பது போல, உள்ளத்தில் நிற்கும் இவ்வடுவினையே நம் நாட்டு உளமருத்துவர் 'மனவடு' என்பர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதே பெயரால் ஒரு நூல் எழுதி, இச்சொல்லைத் தமிழுலகிற் பரப்பினார்.

ஆராய்ந்தோர் கண்டவை

இவை வெறும் ஊகமல்ல என்பதற்கு மூன்று சான்றுகள் கூறுவல்.

முதலாவது ருமேனியா நாட்டினது. 1989 இல் அந்நாட்டுக் கொடுங்கோல் ஆட்சி வீழ்ந்தபோது, இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அரசாங்க விடுதிகளிற் கிடந்தமை உலகுக்குத் தெரியவந்தது. உணவும் உடையும் இருந்தன. தூக்கி அணைக்கும் கைகள் இருந்தில. 2000 ஆம் ஆண்டிற்றொடங்கிய புக்காரெஸ்ற் ஆய்வில், 136 பிள்ளைகளுட் பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டனர். விடுதியிலேயே வளர்ந்தோரின் மூளை மின்னலைகள் வலிகுன்றியிருந்தன. இரண்டு வயதுக்கு முன் ஒரு குடும்பத்தின் மடியை அடைந்தோர் பெரிதும் தேறினர். சோறு மட்டும் மூளையை வளர்ப்பதில்லை என்பது இதனாற் பெறப்பட்டது.

இரண்டாவது அமெரிக்காவினது. வின்சன்ற் பெலிற்றி, ரொபேட் அண்டா என்னும் மருத்துவர் இருவர் 17,000 க்கு மேற்பட்ட வளர்ந்தோரிடம், இளமையில் அவர் பட்ட துன்பங்களைக் கேட்டறிந்தனர். அடி, வசை, புறக்கணிப்பு, பாலியற் கொடுமை, தாய் அடிபடக் காணுதல், வீட்டிற் குடிகாரர் இருத்தல் முதலியவை அவை. 1998 இல் வெளியான முடிவு யாதெனில், இவ்வகையுள் நான்கு அல்லது அதற்கு மேற்பட்டவற்றை அனுபவித்தோருக்குக் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவை நேரும் வாய்ப்பு, ஒன்றும் அனுபவியாதோரிலும் 4 முதல் 12 மடங்கு மிகுதி என்பதாம். இருதய நோயும் ஈரல் நோயும்கூட அவரிடையே மிகுந்திருந்தன.

மூன்றாவது நம் நாட்டினது. வடகிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடையே கிளாடியா கற்றானி முதலியோர் நடத்திய ஆய்வு 2008 இல் வெளியாயிற்று. போரையும் கடற்கோளையும் கண்ட பிள்ளைகள் அவர். நூற்றுக்கு 30 பேரிடம், நெருக்கீட்டுக்குப் பின் எழும் மனவடு நோய் காணப்பட்டது. ஆயின், துன்பத்தின் ஊற்று வெளியே மட்டும் இருக்கவில்லை. நூற்றுக்கு 95 க்கு மேற்பட்டோர் வீட்டினுள்ளும் ஏதேனும் ஒரு வன்முறையைச் சந்தித்திருந்தனர். தந்தையின் குடி கூடக் கூட, பிள்ளை பட்ட அடியும் கூடியிருந்தது. குண்டுவீச்சு நின்ற பின்னும் தகப்பன் கை நில்லாவிடில், பிள்ளைக்குப் போர் முடிவதில்லை.

நம் மலைகளில்

இனி நம் மலைகளை நோக்குவோம். தோட்டத் தொழிலாளர் வரலாறே பிரிவின் வரலாறு. 1964 ஆம் ஆண்டுச் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. காகிதத்தில் அது கணக்கு. லயத்தில் அது பாட்டியைப் பிரிந்த பேரன், தமக்கையைப் பிரிந்த தம்பி. 1977, 1981, 1983 ஆம் ஆண்டுக் கலவரங்களில் இரவோடிரவாகத் தேயிலைச் செடிகளிடையே ஒளிந்த பிள்ளைகள் இன்று பெற்றோராயும் பாட்டன் பாட்டியராயும் உளர். அவர்தம் அச்சம் அவரோடு நின்றுவிடவில்லை. திடுக்கிட்டு எழும் தாயின் மடியிற் கிடக்கும் குழவியும் திடுக்கிடவே கற்கின்றது.

இற்றைநாளில் துன்பம் வேறு வடிவங்களில் வருகின்றது. முற்பகலும் பிற்பகலும் தாய் கொழுந்து மலையில் நிற்க, குழவி பிள்ளை மடுவத்தில் வளர்கின்றது. அங்கு அன்புடைய ஒருவர் இருப்பின் அதுவே நல்வாய்ப்பு. இல்லையேல் நீண்ட தனிமை. மாதச் சம்பளத்தின் ஒரு பகுதி தவறணைக்குப் போகும் வீட்டில், பத்தடிக்குப் பன்னிரண்டடி லய அறையில், தாய் வாங்கும் அடியினின்று கண்ணை மறைத்துக்கொள்ளப் பிள்ளைக்கு ஒரு மூலையும் இல்லை. தாய் மத்திய கிழக்குக்கு வீட்டுப்பணிப் பெண்ணாகப் போன வீட்டிற் பிள்ளை பாட்டியிடம் நிற்கின்றது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய்மாரின் வெளிநாட்டுப் பயணத்தை அரசாங்கம் 2013 இல் விதி கொண்டு தடுத்தது; பின்னர் அவ்விதி தளர்ந்தது. விதி எதுவாயினும், வறுமை தளராதவரை பிரிவும் தளராது. இவற்றோடு உணவுக் குறையும் சேர்கின்றது. 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்டோருள் நூற்றுக்கு 17 பேரே வயதுக்கேற்ற உயரமற்றவர். தோட்டப்புறத்திலோ நூற்றுக்கு 32 பேர்.

திடீரென வரும் துன்பமும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலையில், கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அந்நேரம் பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் தப்பினர். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடில்லை. சிலருக்குப் பெற்றோரே இல்லை. உயிர் பிழைத்த குடும்பங்கள் ஏறத்தாழ ஈராண்டு தற்காலிக உறைவிடத்தில் வாழ்ந்த பின்னரே, 2016 இல் பூனாகலைப் பகுதியிற் புதுவீடுகள் பெற்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த பெருமழை நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மீண்டும் அக்கொடுமையைக் காட்டிற்று. புதைந்த வீட்டை மறுபடி கட்டுவதற்குத் திட்டம் தீட்டுகின்றோம். மழை பெய்யும் இரவெல்லாம் விழித்திருக்கும் பிள்ளைக்கு என்ன திட்டம் தீட்டினோம்?

வகுப்பறையிற் காண்பது

மனவடுவுற்ற பிள்ளை, 'எனக்கு மனவடு' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. கதவு அறைந்து சாத்தப்பட்டால் உடல் குலுங்கும் பிள்ளையாக வருகின்றது. நேற்றுப் படித்ததை இன்று மறக்கும் பிள்ளையாக வருகின்றது. தோழன் கை தவறிப் பட்டதற்குப் பாய்ந்து அடிக்கும் பிள்ளையாகவும், சன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு, அழைத்தாலும் செவியேறாத பிள்ளையாகவும் வருகின்றது. காரணமற்ற வயிற்றுவலியும் தலைவலியும் அடிக்கடி வரும். வளர்ந்த மாணவனாயின் வரவு குறையும்; புகையும் குடியும் தொடரும்; சில வேளை உயிரை வெறுத்த பேச்சும் எழும்.

இவற்றைக் காணும் நாம் 'மந்தம்', 'முரடு', 'சோம்பல்' என்று பெயரிடுகின்றோம். பெயரிட்டபின் மருந்தும் கைவசம் வைத்துள்ளோம். 'அடியாத மாடு படியாது' என்பது அம்மருந்தின் பெயர். பிள்ளை மாடன்று என்பது ஒருபுறமிருக்க, அம்மருந்து நோயை வளர்க்கும் என்பதே ஈண்டுக் கருதற்பாலது. அபாய மணி ஓயாது அடிக்கும் மூளைக்குப் பிரம்பு என்பது மற்றுமோர் அபாயம். அச்சத்தில் மூழ்கிய மூளை இலக்கணத்தைப் பதித்துக்கொள்ளாது; அடித்தவர் முகத்தையே பதித்துக்கொள்ளும். 2021 இல் ஹார்வாட் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வொன்றில், வீட்டில் அடி வாங்கிய சிறாரின் மூளை, அச்சமுற்ற முகங்களின் படங்களைக் காணுங்கால், அடி வாங்காத சிறாரின் மூளையினும் மிகுதியாக எழுச்சியுற்றது. பெருங்கொடுமைக்கு உள்ளான சிறாரின் மூளையும் அதனை ஒத்த வகையிலேயே எழுச்சியுறுவதாம். நம் கல்வி அமைச்சும் 2005 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் உடற்றண்டனையை விலக்கி, 2016 இல் அதனை மீண்டும் வலியுறுத்தியுள்ளது. சுற்றறிக்கை கோவையிற் கிடக்கப் பிரம்பு மேசையிற் கிடக்கும் பாடசாலைகள் இன்றும் இல்லாமலில்லை.

மீளும் வழி

இவற்றைப் படித்து, மலையகப் பிள்ளைகளின் மூளை குறைபட்டது என்று எவரும் கொள்ளற்க. அது உண்மையுமன்று, அறமுமன்று. துன்பம் வாய்ப்பைக் கூட்டுமேயன்றி விதியை எழுதுவதில்லை. இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருள் எத்துணையோர் லயத்திற் பிறந்து, குப்பி விளக்கிற் படித்து, இன்று ஆசிரியராயும் மருத்துவராயும் வணிகராயும் விளங்குகின்றனர்! அவரை மீட்டது யாது?

இவ்வினாவுக்கு விடை, நம்மைப் போன்றே தோட்டத் தொழிலாளர் மிகுந்த ஒரு தீவிலிருந்து கிடைத்தது. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாய் கரும்புத் தோட்டங்கள் நிறைந்திருந்த தீவு. அங்கு 1955 இற் பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வேர்னர் என்னும் உளவியலறிஞரும் அவர்தம் குழுவினரும் நாற்பதாண்டளவு தொடர்ந்து கவனித்தனர். வறுமை, குடி, குடும்பக் குலைவு எனப் பல இடர் ஒருங்கே சூழ்ந்தோர் மூன்றிலொரு பங்கினர். அவருள்ளும் மூன்றிலொரு பங்கினர் யாதொரு பழுதுமின்றித் திறமும் தன்னம்பிக்கையும் உடையவராய் வளர்ந்தனர். ஏனையோருட் பலரும் இளமையில் இடறியபோதிலும் நடுவயதளவில் நிமிர்ந்தனர். நன்கு வளர்ந்தோர் எல்லோரிடத்தும் பொதுவாகக் காணப்பட்டது ஒன்று: தம்மை விட்டு நீங்காது அன்பு செய்த ஒருவரேனும் அவர்க்கு இருந்தார். பெற்றோராகவே இருக்கவேண்டுமென்பதில்லை. பாட்டி, மாமன், அயலார் என யாரும் ஆகலாம். வீட்டுக்கு வெளியே அவ்விடத்தைப் பெரும்பாலும் நிரப்பியவர் ஆசிரியர்.

மூளை வாழ்நாள் முழுதும் புதிய இணைப்புக்களைப் பின்னவல்லது. அமிக்டலாவுக்கு 'இனி அபாயமில்லை' என்று அறிவிப்பது அறிவுரையன்று; நாள்தோறும் மாறாது கிடைக்கும் அனுபவமே அதனை அறிவிக்கும்.

நம் கடன்

ஆசிரியர் செய்யத்தக்கது அரிய காரியமன்று. நாளும் ஒரே முகத்தோடு வகுப்பினுட் புகுதல். பெயர் சொல்லி அழைத்தல். பிறர் முன் இழிவு செய்யாமை. நாளை நடப்பதை இன்றே சொல்லிவைத்தல். 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்பதற்கு முன் 'உனக்கு என்ன நேர்ந்தது?' என்று தனியே கேட்டல். சொல்ல விரும்பாதபோது வற்புறுத்தாமை. கண்டிப்பு வேண்டும், அது நிலையானதாய், அஞ்சத்தகாததாய் இருத்தல் வேண்டும். நம் கல்லூரிக் காலைப் பிரார்த்தனையில் ஒருங்கிருந்து பாடுதலும், அமைதியாய் மூச்சை நிறுத்தி நிதானித்தலும், மாலையில் விளையாட்டுத் திடலில் ஓடியாடுதலும் வெறும் சடங்கல்ல. கலங்கிய உடலுக்கு ஒழுங்கைக் கற்பிக்கும் மருந்துகளும் ஆவன.

எல்லாவற்றையும் ஆசிரியரே ஆற்ற இயலாது. உறக்கமின்மை, ஓயாத அச்சம், தன்னைத் தானே வருத்திக்கொள்ளல் ஆகியன வாரக்கணக்கில் நீடிப்பின், அரசினர் வைத்தியசாலை உளநலப் பிரிவுக்கு அனுப்புதலே முறை. பேயென்று பூசாரியிடம் மட்டும் கொண்டுபோய் மாதங்களைக் கழித்தல் பிள்ளைக்குக் கேடாம். 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவியும், 1929 இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் உதவியும் கிடைக்கும். கொடுமை நடப்பதறிந்தும் 'வீட்டு விடயம்' என்று வாளாவிருத்தல் கொடுமைக்குத் துணைபோதலாகும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் பக்கத்திலிருப்பவன் பேசாதிருந்தால் அவனைப் பட்டப்பெயரிட்டு அழையாதீர். பந்தாட ஒருமுறை கூப்பிடுங்கள். வராவிடின் மறுநாளும் கூப்பிடுங்கள். பழைய மாணவ அன்பர்களே, கல்லூரிக்குக் கட்டடமும் கணினியும் அளித்த உங்கள் கொடைக்கை இனி இத்துறையிலும் நீளல் வேண்டும். ஆலோசனைக்கெனக் கதவு சாத்தக்கூடிய ஓர் அமைதியான அறை, அதற்கெனப் பயின்ற ஓர் ஆசிரியர், தாய் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஒரு படிப்பிடம், உங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்குப் படப்புத்தகமும் விளையாட்டுப் பொருளும் ஆகியன பெருஞ்செல்வம் வேண்டுவனவல்ல. அவற்றினும் மேலாகக் கொடுக்கத்தக்கது உங்கள் நேரம். மாதமொருமுறை தவறாது வந்து ஒரு பிள்ளையோடு பேசும் ஒருவர், கவாய்த் தீவின் ஆராய்ச்சி கூறிய அந்த 'ஒருவர்' ஆகலாம்.

ஒரு கல்லூரியின் பெருமையை விழாக்காலங்களில் பரீட்சைப் பெறுபேறு கொண்டு அளக்கின்றோம். அவ்வளவுகோல் இருக்கட்டும். வீட்டில் உறக்கமிழந்த பிள்ளை அச்சமின்றித் தலைசாய்க்கத்தக்க இடமாக ஒரு வகுப்பறையேனும் இருந்ததா என்னும் அளவுகோலும் இனி அதனோடு சேர்வதாக.